அடி மட்டும் கணக்கில் ஏறவில்லை

2025 ஜூன் மாதக் கடைசியில், அவிநாசி அருகே 27 வயதுப் பெண் ஒருவர், கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், அப்பாவுக்குக் குரல் பதிவுகளை அனுப்பிவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். தமிழ்நாடே அந்தக் குரலைக் கேட்டது. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லும். ஆனால், அந்தக் குரலைக் கேட்ட பிறகு நாம் என்ன பேசினோம் என்பது நமக்கே தெரியும். ‘ஏன் முன்னாடியே சொல்லலை? படிச்ச பொண்ணு இப்படிச் செய்யலாமா? கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கக் கூடாதா?’ எல்லாக் கேள்வியும் இறந்துபோனவரை நோக்கித்தான்.

அந்த வாரம் காரைக்குடியில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பேச்சு அவிநாசிக்குப் போனது. ‘ஒரு வார்த்தை அப்பச்சிகிட்ட நேர்ல சொல்லியிருந்தா, கூட்டிட்டு வந்திருக்க மாட்டாகளா?’ என்றார் ஓர் ஆச்சி. எதிர் வரிசையில் இருந்த நாற்பது வயதுப் பெண் தலை நிமிரவில்லை. இலையில் வைத்த கவுனி அரிசியை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார். கை கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்று, குழாய்ச் சத்தத்துக்குள் சொன்னார்: ‘நான் சொன்னேன். மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் பழத்தட்டோட கொண்டுபோய் விட்டுட்டு வந்தாக.’

அந்தப் பழத்தட்டு என் மனதை விட்டுப் போகவில்லை. அடித்தவர் வீட்டுக்குப் பழத்தோடு போனவர்கள், அடித்ததைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருப்பார்களா?

ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு 2019 முதல் 2021 வரை நடந்தது. தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையிலான, திருமணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை அனுபவித்தவர்கள் என்று அது சொல்கிறது. நாடு முழுவதும் வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 விழுக்காட்டினர் யாரிடமும் உதவி கேட்கவில்லை, வாய் திறந்து சொல்லவும் இல்லை. உதவி கேட்டவர்கள் 14 விழுக்காடுதான். அவர்களிலும் பெரும்பாலோர் தட்டியது பிறந்த வீட்டுக் கதவைத்தான்.

அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் கேட்டது: சில காரணங்களுக்காகக் கணவன் மனைவியை அடிப்பது சரியா? சமையல் சரியில்லை, சொல்லாமல் வெளியே போனாள், எதிர்த்துப் பேசினாள் என்பவை போன்ற காரணங்கள். ஏதாவது ஒரு காரணத்துக்காவது சரி என்றவர்கள் பெண்களில் 45 விழுக்காடு, ஆண்களில் 44 விழுக்காடு. தமிழ்நாட்டுப் பெண்களிடம் இந்த ஒப்புதல் தேசியச் சராசரியைவிட மிகவும் அதிகம். பந்தியில் பேசிய ஆச்சி கெட்டவர் அல்லர். அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

எழுதி வைக்கும் ஊர்

செட்டிநாடு கணக்கு எழுதி வளர்ந்த பூமி. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்கள் பேரேட்டில் ஒரு காசைத் தவறவிட மாட்டார்கள். நகரத்தார் திருமணத்தில் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதி இரு வீட்டாரும் கையெழுத்துப் போடுவார்கள். முறைச்சிட்டையில் எந்த நாளைக்கு எந்த முறை, யாருக்கு எவ்வளவு என்பது வரிசையாக இருக்கும். பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைப் பரப்பி வைத்தால் வெள்ளிக் கிண்ணத்திலிருந்து எவர்சில்வர் கரண்டி வரை எண்ணப்படும். நகரத்தார் அல்லாத வீடுகளிலும் மொய் நோட்டைத் தலைமுறை தாண்டிப் பத்திரப்படுத்துகிறார்கள். 1987இல் யார் பதினொரு ரூபாய் எழுதினார் என்று இன்றைக்கும் எடுத்துக் காட்டுவார்கள்.

இவ்வளவு எழுதும் ஊரில், கல்யாணமான பெண் கன்னம் வீங்கி வந்து நின்றால், அது எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.

பிறந்த வீட்டில் ஏறாது. வெளியே தெரிந்தால் தங்கைக்கு வரன் வராது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினால் வாய்மொழியோடு முடியும். ஆஸ்பத்திரிக்குப் போனால் ‘படியில் வழுக்கி விழுந்ததாக’ எழுதப்படும். சொல்பவர் பெரும்பாலும் கூடவே நிற்கும் கணவர்தான். காவல் நிலையத்தில் ‘குடும்ப விஷயம், பேசி முடிச்சுக்கங்க’ என்று அனுப்பிவிட்டால், மனு கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதுகூடக் கையில் இருக்காது. பத்து வருடம் அடி வாங்கிய ஒரு பெண் கடைசியில் நீதிமன்றத்துக்கு வரும்போது, ‘இதற்கு முன் எங்கேயாவது புகார் உண்டா?’ என்பார்கள். அவர் நான்கு கதவைத் தட்டியிருப்பார். நான்கு பேரும் எழுதவில்லை என்பதால், அவர் சொல்வது பொய்போல் நிற்கும்.

எழுதுவதே இல்லை என்றும் சொல்ல முடியாது. சில நேரம் எழுதுகிறார்கள். ‘இனி கணவர் சொல் கேட்டு நடப்பேன், கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்கு வர மாட்டேன்’ என்று பெண்ணிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிய காகிதத்தை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கீழே அவர் கையெழுத்து, சாட்சியாக நான்கு ஆண்களின் கையெழுத்து. அடித்தவரின் கையெழுத்து அந்தக் காகிதத்தில் எங்குமே இல்லை.

வளவில் எழும் சத்தம்

பழைய செட்டிநாட்டு வீட்டை உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுவில் வானம் பார்த்த வளவு, சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைகள், மகன் ஒருவருக்கு ஓர் அறை. கல்யாணமானதும் மகனை ‘வேறு வைப்பார்கள்’. ஒரே கூரைக்குள் அடுப்பும் செலவும் தனி. அழகான ஏற்பாடு. ஆனால், ஓர் அறையில் தட்டு விழுந்தால் எல்லா அறைக்கும் கேட்கும். அந்தத் தளத்துக்கும் அந்த உயரத்துக்கும் சத்தத்தை ஒளித்து வைக்கத் தெரியாது.

சிறு வயதில் அப்படியொரு வீட்டில் கோடை விடுமுறைக்குப் போயிருந்தேன். இரவு ஓர் அறையில் குரல் உயர்ந்தது. பிறகு அறை விழும் சத்தம், தெளிவாக, இரண்டு முறை. பட்டாசாலையில் படுத்திருந்த பெரியவர் புரண்டு படுத்தார். இன்னொரு அறையில் யாரோ கதவைச் சாத்தினார்கள். என் ஆயா எழுந்து போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். மறுநாள் காலை வளவில் எல்லோரும் ஒன்றாக இட்லி சாப்பிட்டோம். அந்த அத்தை மட்டும் சேலைத் தலைப்பை வலது கன்னத்துப் பக்கம் இழுத்து விட்டிருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மாமாவுக்கு வழக்கம்போல முதல் தட்டு போனது.

இன்று அந்த வீடுகள் பலவும் பூட்டிக் கிடக்கின்றன. காரைக்குடியின் செக்காலையிலும் கழனிவாசலிலும் வாடகை வீடுகள், அடுக்குமாடிகள் வந்துவிட்டன, சுவர் மாறியிருக்கிறது. பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுகிறோம்.

அடிபட்டவள் தாய் வீட்டுக்கு வந்துவிட்டால் அவளுக்கு ஒரு பெயர் தயாராக இருக்கிறது: வாழாவெட்டி. அவளை அடித்து அனுப்பியவருக்குத் தமிழில் அப்படியொரு பெயர் உண்டா? ‘கொஞ்சம் முன்கோபக்காரர்’ என்போம். குடித்திருந்தால் பழியைக் குடியின் மேல் போடுவோம். ஆனால், அதே முன்கோபக்காரர் கடை முதலாளியிடம் கை ஓங்குவதில்லை. அதே குடிகாரர் காவலரை அடிப்பதில்லை. எங்கே அடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று அந்தக் கைக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுத்தது நம் மௌனம்.

அடி வாங்கும் ஆண்

‘ஆண்களும்தான் அடி வாங்குகிறார்கள், அதை ஏன் எழுதுவதில்லை?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2024 டிசம்பரில் பெங்களூரில் ஒரு மென்பொருள் பொறியாளர், மனைவி வீட்டார்மீது குற்றம்சாட்டி நீண்ட காணொளியை விட்டுவிட்டு இறந்தார். அந்த மரணத்தையும் அவிநாசி மரணத்தையும் எதிரெதிர்த் தட்டில் வைத்து எடைபோடும் பேச்சு சமூக ஊடகங்களில் இன்னும் ஓயவில்லை. இரண்டு வீட்டிலும் பிள்ளையை இழந்த பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களை நிறுத்துப் பார்க்க நாம் யார்?

அளவு ஒன்றல்ல என்பதையும் மறைக்க முடியாது. 2023இல் உலகம் முழுவதும் 51,100 பெண்களும் சிறுமிகளும் துணைவர் அல்லது குடும்பத்தார் கையால் கொல்லப்பட்டார்கள் என்று ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டன, ஒரு நாளைக்கு 140 பேர். கொல்லப்படும் பெண்களில் 60 விழுக்காட்டினர் வீட்டுக்குள்ளிருப்பவர்களால் சாகிறார்கள். கொல்லப்படும் ஆண்களில் அது 12 விழுக்காடு. ஆணுக்குச் சாவு பெரும்பாலும் தெருவில் வருகிறது, பெண்ணுக்கு வீட்டில் வருகிறது.

ஆனாலும் அந்த 12 விழுக்காட்டினரும் மனிதர்கள்தாம். மனைவியிடமோ மைத்துனர்களிடமோ அடிபட்ட ஓர் ஆண் இங்கே யாரிடம் போய்ச் சொல்வார்? காவல் நிலையத்தில் சிரிப்பார்கள். நண்பர்கள் சிரிப்பார்கள். நம் சினிமாவில் பூரிக்கட்டையோடு நிற்கும் மனைவி எத்தனை காலமாக நகைச்சுவையாக ஓடிக்கொண்டிருக்கிறார்! பெண்ணிடம் ‘நீ என்ன செய்தாய்?’ என்று கேட்கும் அதே ஊர்தான் ஆணிடம் ‘நீ ஆம்பளைதானா?’ என்று கேட்கிறது. இரண்டும் ஒரே நம்பிக்கையிலிருந்து பிறப்பவை: வீட்டில் கை ஓங்கும் உரிமை ஆணுக்கு உண்டு, அடி வாங்குபவள் பொறுக்க வேண்டும், அந்த உரிமையை இழந்தவன் வெட்கப்பட வேண்டும். அந்த நம்பிக்கை போனால் இருவருக்கும் வழி திறக்கும்.

இந்தியாவின் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் பெண்களுக்கு மட்டுமானது. நம்மவர்கள் கடை வைத்த மலேசியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டமும், இலங்கையில் 2005ஆம் ஆண்டுச் சட்டமும் ஆண், பெண் இருவருமே பாதுகாப்புக் கேட்க இடம் தருகின்றன. இங்கே அப்படியொரு திருத்தம் வந்தால் நான் வரவேற்பேன். அதற்காகப் பெண்களுக்கு இன்று இருப்பதைக் குறைக்கக் கூடாது. அதுவரை, காயப்படுத்துதல், மிரட்டல் ஆகியவற்றுக்கான பொதுவான குற்றச் சட்டப் பிரிவுகள் ஆணுக்கும் உண்டு. கொடுமையைக் காரணம் காட்டி மணவிலக்குக் கேட்கும் உரிமை இருவருக்கும் உண்டு. வயதான பெற்றோருக்கு 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறது.

பொய் வழக்கு பற்றிய பயத்தையும் இங்கேயே பேசிவிடலாம். புகார் கொடுத்ததுமே கணவன் வீட்டார் அத்தனை பேரையும் பிடித்து உள்ளே போடுவார்கள் என்ற பேச்சு பழையது. 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில், இத்தகைய புகார்களில் காரணம் எழுதாமல் கைதுசெய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்திவிட்டது. பொய்யைப் பிரித்தெடுக்கவும் எழுத்துதான் வேண்டும். அன்றன்றைக்கு எழுதிய காயக் குறிப்பு உண்மையான புகாரைக் காக்கும். பொய்யான புகாரைக் காட்டிக்கொடுக்கும்.

சட்டம் தருவது

பலர் நினைப்பதுபோல 2005ஆம் ஆண்டுச் சட்டம் கணவனைச் சிறையில் தள்ளுவதற்கான சட்டம் அல்ல. சிறைத் தண்டனைக்கான பிரிவு வேறு. முன்பு 498ஏ என்று ஊருக்கே தெரிந்திருந்த அந்தப் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவாக இருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டம் கேட்பதெல்லாம் முதலில் அடியை நிறுத்துவது: பாதுகாப்பு ஆணை, குடியிருக்கும் உரிமை, செலவுக்குப் பணம், குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு, இழப்பீடு. மீறினால்தான் சிறை, ஓராண்டு வரை.

இதில் நம் ஊருக்கு அதிகம் போய்ச் சேராத ஒரு வரி இருக்கிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கப் பெண்ணுக்கு உரிமை உண்டு. மாமனார் பெயரில் இருந்தாலும் அது பொருந்தும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது மட்டுமல்ல, தேவைப்பட்டால் வீட்டை விட்டு வெளியே போகும்படி அடித்த கணவனுக்கு மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். நாம் எல்லோரும், அனுதாபப்படுபவர்கள்கூட, ‘அவ ஏன் வெளியே வரலை?’ என்றுதான் கேட்டுப் பழகியிருக்கிறோம். பெட்டியைத் தூக்க வேண்டியவர் அடித்தவர்தான் என்று சட்டம் இருபது வருடங்களுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறது.

நகையும் சாமானும் அப்படியே. சீதனம் பெண்ணின் முழுச் சொத்து என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. அதே ஆண்டு வந்த விதிகள், கல்யாணத்தில் கொடுக்கப்படும் பரிசுகளுக்குப் பட்டியல் எழுதிக் கையொப்பமிட்டு, பெண்ணுக்குக் கொடுத்தவற்றின் பட்டியலைப் பெண்ணே வைத்திருக்க வேண்டும் என்கின்றன. செட்டிநாட்டுக்கு இது புதிய வேலையே இல்லை. ஆனால், அந்தப் பட்டியல் எத்தனை பெண்களின் கையில் இருக்கிறது?

மனு கொடுத்தால் மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அறுபது நாளுக்குள் முடிவு என்பது சட்டத்தின் நோக்கம். நடைமுறையில் வாய்தாக்கள் நீள்கின்றன. அதற்குள் பெண் வாடகை கொடுக்க வேண்டும், பிள்ளையின் பள்ளி மாற்றுச் சான்றிதழுக்கு அலைய வேண்டும், குடும்ப அட்டை கணவன் வீட்டில் கிடக்கும். பல பெண்கள் திரும்பிப் போவது மனம் மாறி அல்ல, இந்த அலைச்சல் தாங்காமல்தான். அதைச் ‘சமாதானம்’ என்று கணக்கெழுதுகிறோம்.

என்ன செய்யலாம்?

முதல் வேலை அரசுடையது. 2025 மே மாதம், மாவட்டத்தில் மட்டுமன்றி வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. குடும்ப வன்முறை அறிக்கையை எழுதி மாஜிஸ்திரேட்டிடம் சேர்ப்பவர் இவர்தான். வழக்கறிஞர் இல்லாமலே இவரிடம் போகலாம். காரைக்குடியிலிருந்து சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்துக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல். கைக்குழந்தையோடு, கையில் காசில்லாமல், கணவருக்குத் தெரியாமல் ஒரு பெண் அவ்வளவு தூரம் போய் வருவது லேசல்ல. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் என ஒவ்வொரு வட்டத்திலும் அந்த அலுவலரின் பெயர், இடம், தொலைபேசி எண் மூன்றையும் பேருந்து நிலையத்திலும் ரேஷன் கடையிலும் அங்கன்வாடியிலும் எழுதி வைக்க வேண்டும். பெண்கள் உதவி எண் 181, சட்ட உதவி எண் 15100 ஆகியவற்றையும் சேர்த்து. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்குச் சட்ட உதவி இலவசம் என்பது அந்தப் பலகையில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

1992இல் அனைத்து மகளிர் காவல் நிலையங்களைத் தொடங்கி நாட்டுக்கு வழிகாட்டிய மாநிலம் இது. சமரசம் பேசுவதற்கு முன் ரசீது என்பதை அந்த நிலையங்களில் மீற முடியாத நடைமுறையாக்க வேண்டும். எழுதி வாங்குவதாக இருந்தால் அடித்தவரிடம் எழுதி வாங்குங்கள். பதினைந்து நாள் கழித்து ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை அந்தப் பெண்ணைத் தனியாக அழைத்துக் கேளுங்கள். அடிபட்டு வருபவர் ஆணாக இருந்தாலும் சிரிக்காமல் எழுதுங்கள்.

ஊர்ச் சங்கங்கள், ஜமாத்துகள், ஆலயப் பெரியவர்கள் பேசி வைப்பதை யாரும் உடனே நிறுத்திவிட முடியாது. ஆனால், அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்கலாம். முதல் கேள்வியை அடித்தவரிடம் கேட்கலாம். பேசியதைத் தேதி போட்டு எழுதி இரு தரப்புக்கும் பிரதி கொடுக்கலாம். உடலில் காயம் இருந்தால் அது தங்கள் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று பாதுகாப்பு அலுவலரிடம் அனுப்பிவிட வேண்டும்.

இதெல்லாம் நம் ஊரில் நடக்காது என்று சொல்பவர்களுக்குக் காரைக்குடியின் பழைய கதை ஒன்று. கைம்பெண் மறுமணம் என்றாலே சாதியை விட்டு ஒதுக்கிய காலத்தில், இதே ஊரைச் சேர்ந்த சொ. முருகப்பா கைம்பெண்ணான மரகதவல்லியை மணந்தார். 1930களில் ‘மாதர் மறுமணம்’ என்றே பெயரிட்டு ஓர் இதழ் இந்த ஊரிலிருந்து வந்தது. அன்றைக்கு அதைவிடக் கடினமான பேச்சு வேறில்லை. அவர்கள் பேசினார்கள், அச்சடித்து வீடு வீடாக அனுப்பினார்கள்.

பெண்ணைக் கொடுக்கும் வீட்டார் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சாமான் பட்டியலின் கையொப்பமிட்ட பிரதி, நகை ரசீது, கல்விச் சான்றிதழ்கள், அவள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு ஆகியவை அவள் கைவசமே இருக்கட்டும். வந்து நின்றால் முதல் நாள் ‘என்ன பண்ணினே?’ என்று கேட்க வேண்டாம். காயத்தைப் படம் எடுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் விபத்துப் பதிவேட்டின் நகலை (ஏ.ஆர். காப்பி) வாங்குங்கள். பழத்தட்டு வாங்கப் போகாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு: குடும்ப வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குச் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்குப் போட முடியாது என்று சட்டத்தின் நான்காம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

மருத்துவமனைகளுக்கு ஒரு யோசனை. இது என்னுடையது அல்ல. ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவருடையது. ‘விழுந்துட்டா சிஸ்டர்’ என்று கணவரே முந்திக்கொண்டு சொல்லும்போது அவர் மறுத்துப் பேச மாட்டாராம். ஒரு சீட்டில் மருந்தின் பெயரை எழுதி, வெளியே கடையில் வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிடுவாராம். கதவைச் சாத்திவிட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டே கேட்பாராம்: ‘விழுந்தியாம்மா, விழ வச்சாங்களா?’ பத்து நிமிடம் கிடைக்கும். சிலர் சொல்வார்கள், சிலர் சொல்ல மாட்டார்கள். சொன்னவர்கள் சொன்னதை, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே, நேரம் போட்டுப் பதிவேட்டில் எழுதுவாராம். ஒவ்வொரு அவசர சிகிச்சைப் பிரிவிலும் அந்தப் பத்து நிமிடத்தை விதியாக்கலாம். ஆணோ பெண்ணோ, காயத்தோடு வருகிற ஒவ்வொருவரிடமும், கூட வந்தவர் இல்லாமல் தனியாக, அந்த ஒரு கேள்வியைக் கேட்டு எழுதலாம்.